மலைக்குக் கொண்டுபோகும் சின்ன ஜூம் கேமரா: எதை முதலில் மாற்றுவது?

சட்டைப்பையில் அடங்குகிற, 30 மடங்கு, 40 மடங்கு ஜூம் உள்ள டிஜிட்டல் கேமரா உங்களிடம் இருக்கிறது, அதோடு ஊட்டிக்கோ குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ வருகிறீர்கள் என்றால் இது உங்களுக்காக எழுதுவது. கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740, சோனி எச்எக்ஸ்99, பானசோனிக் லூமிக்ஸ் டிஇசட்90 மாதிரியான கேமராக்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். வேறு மாடலாக இருந்தாலும் மெனுவில் பெயர்தான் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான். வியூ பாயிண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: வந்து நின்றதும் ஜூமைக் கடைசிவரை தள்ளுகிறார்கள், கீழே தெரிகிற சமவெளியை இழுத்துப் பிடிக்கிறார்கள், படம் வெளிறிச் சாம்பலாக வருகிறது, கேமரா தண்டம் என்று பையில் போட்டுவிட்டு போனை எடுத்துவிடுகிறார்கள். நல்ல கருவி ஒன்று இப்படி ஒதுக்கப்படுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். இந்த மலையில் முதலில் கை பழக வேண்டியது ஜூம் பட்டனில் இல்லை, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பிளஸ் மைனஸ் பட்டனில். அது பழகிவிட்டால் ஜூம் தானாக உங்கள் சொல்பேச்சுக் கேட்கும்.

புறப்படும் முன் வீட்டிலேயே

மேட்டுப்பாளையம் தாண்டிய பிறகு கொண்டை ஊசி வளைவில் ஆடிக்கொண்டே மெனுவைத் தேட முடியாது. முந்தின நாள் இரவே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

முதலில் மேலே இருக்கிற டயலை ஆட்டோவிலிருந்து பி என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். பி-யிலும் ஷட்டர் வேகம் (வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வருகிறது), அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு எவ்வளவு) எல்லாம் கேமராவே பார்த்துக்கொள்ளும், ஆனால் பிளஸ் மைனஸ், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு உணர்கிறது), வெள்ளைச் சமநிலை (படத்தின் நிறச் சாயல்) ஆகியவை உங்கள் கைக்கு வரும். முழு ஆட்டோவில் பெரும்பாலான கேமராக்கள் இவற்றைப் பூட்டியே வைத்திருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. ஆட்டோவில் எடுத்தவர் பி-யில் எடுக்க எதுவும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது டிஜிட்டல் ஜூம். அதை மெனுவில் தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள். லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவதுதான் உண்மையான ஜூம். டிஜிட்டல் ஜூம் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குகிறது, அதை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நீங்களே செய்துகொள்ளலாம். பானசோனிக்கில் ஐ.ஜூம், சோனியில் கிளியர் இமேஜ் ஜூம், கேனனில் ஜூம்பிளஸ் என்று ஒரு நடுவழி வகையும் உண்டு. அது வெட்டுவதோடு நிற்காமல் விவரங்களைக் கொஞ்சம் கணித்து நிரப்பும். நல்ல வெயிலில் போர்டு, கட்டடம் மாதிரி விளிம்பு தெளிவாக உள்ள பொருளுக்கு அது பரவாயில்லை, ஆனால் இலையும் புல்லும் நிறைந்த காட்சியில் எல்லாம் பெயின்ட் அடித்தமாதிரி குழைந்துவிடும். மலையில் இலையும் புல்லும்தானே அதிகம்? அதனால் அதையும் அணைத்தே வைப்பது என் வழக்கம்.

பட அளவு ஆகப் பெரியது, தரம் ஆகச் சிறந்தது. 20 மெகாபிக்சல் படம் ஒன்று சராசரியாக 6 முதல் 8 எம்பி வரும், 32 ஜிபி கார்டில் ஆயிரக்கணக்கில் அடங்கும், கஞ்சத்தனம் வேண்டாம். கார்டை கேமராவுக்குள் போட்டு கேமராவின் மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அதற்கு முன் பழைய படங்களை எடுத்து வைத்துவிடுங்கள். கிளிக் சத்தம், பீப் சத்தம் அணைக்கவும். ஃபோகஸுக்கு உதவ முன்னால் எரிகிற சிவப்பு விளக்கையும் அணைக்கவும், பறவையும் விலங்கும் அதைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஃப்ளாஷை ஆட்டோவில் விடாமல் முழுதாக நிறுத்துங்கள். பனிமூட்டத்தில் ஃப்ளாஷ் அடித்தால் காற்றில் மிதக்கிற நீர்த்துளிகள்தான் முதலில் ஒளிரும், படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக நிற்கும். படத்தின் மேலேயே தேதி அச்சடிக்கும் வசதியும் வேண்டாம். கேமராவின் கடிகாரத்தை மட்டும் சரியாக வைத்தால் போதும், தேதி படத்தின் கோப்புக்குள் தானாகப் பதிவாகிவிடும்.

ஸ்க்ரீனில் கட்டக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சரிவான நிலத்தில் நின்று எடுக்கும்போது நம் கண் ஏமாறும், தேயிலைச் சரிவைப் பார்த்துக் கேமராவைச் சாய்த்துவிடுவோம், பின்னால் உள்ள மரங்களும் வீடுகளும் விழப்போகிற மாதிரி நிற்கும். கோட்டை மரத்தோடோ சுவரோடோ ஒப்பிட்டுப் பார்த்தால் நேராகிவிடும்.

அப்புறம் ஹிஸ்டோகிராம் என்கிற சின்ன வரைபடத்தையும் ஸ்க்ரீனில் வரவழைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று இப்போது சொல்கிறேன்.

பிளஸ் மைனஸ்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், மற்றதை எல்லாம் அவசரமாகப் படித்தாலும் சரி.

கேமராவுக்குள் இருக்கிற ஒளிமானிக்கு எதிரில் இருப்பது என்ன என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரமான வெளிச்சமுள்ள காட்சி என்று எடுத்துக்கொண்டு, படத்தின் மொத்த வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரும். தெரு, வீட்டு முற்றம், கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் இந்தக் கணக்கு ஒத்துப்போகும். நீலகிரியில் நடுத்தரம் என்பதே கிடையாது. ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று மூடுபனி, இன்னொரு பக்கம் பகலிலேயே இருட்டாக இருக்கிற சோலைக்காடு. 2637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா உச்சியில் மேகத்துக்குள்ளேயே நிற்பீர்கள், சுற்றிலும் வெண்மை. கேமரா அந்த வெண்மையைச் சாம்பல் என்று நினைத்து இருட்டாக்கிவிடும், கூடவே நிற்கிற உங்கள் குடும்பத்தின் முகமும் கருத்துவிடும். மலைப் படங்கள் மங்கலாக வருவதற்குப் பெரிய காரணம் இதுதான், லென்ஸோ மெகாபிக்சலோ இல்லை.

தீர்வு ஒரே பட்டன். கேமராவின் பின்னால் வட்டமான பட்டன் தொகுதியில் பிளஸும் மைனஸும் சேர்ந்த ஒரு குறி இருக்கும். அதை அழுத்தி பிளஸ் பக்கம் நகர்த்தினால் படம் வெளிச்சமாகும், மைனஸ் பக்கம் நகர்த்தினால் இருளும். ஒவ்வொரு நகர்வும் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, ஸ்க்ரீனில் 0.3, 0.7, 1 என்று வரும். பனிமூட்டத்தில் பிளஸ் 0.7-இல் ஆரம்பியுங்கள், கனமான மூட்டமாக இருந்தால் பிளஸ் 1. மூட்டம் மூட்டமாகவே வெண்மையாக வரும், உள்ளே நிற்கிற யூகலிப்டஸ் மரத்தின் தண்டு மென்மையாகக் கரைந்து தெரியும். கண்ணால் பார்த்தபோது எது உங்களை நிறுத்தி வைத்ததோ அது படத்தில் வந்திருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி பார்க்க விடியற்காலையில் தலைகுந்தா பக்கமோ காந்தல் பக்கமோ போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். புல்வெளி முழுக்க வெள்ளை உப்பு தூவினமாதிரி கிடக்கும், கேமரா அதை அழுக்குச் சாம்பலாக்கும், பிளஸ் 1 வையுங்கள். சூரியன் மேலே வந்து பனியில் பட்டு மின்ன ஆரம்பித்ததும் பிளஸ் 0.3-க்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மின்னுகிற இடமெல்லாம் வெறும் வெள்ளையாக வெந்துபோகும்.

எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். கருமந்தி உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பு, தலை மட்டும் பழுப்பு மஞ்சள். அது ஃப்ரேமை நிறைத்தாற்போல உட்கார்ந்திருந்தால் கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து எல்லாவற்றையும் வெளிறடிக்கும், அங்கே மைனஸ் 0.7. ஆனால் அதே மந்தி மரத்து உச்சியில் வெள்ளை வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் கணக்கு தலைகீழ். வானத்தின் வெளிச்சம் கேமராவை ஏமாற்றும், மந்தி வெறும் நிழலாகத் தெரியும், அங்கே பிளஸ் 1, சில சமயம் பிளஸ் 1.3 கூட வேண்டும். ஆக எடுக்கப்போகிற பொருள் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் பார்த்தால் போதாது, ஃப்ரேமில் எந்த நிறம் அதிக இடத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். வெண்மை அதிகமென்றால் பிளஸ், கருமை அதிகமென்றால் மைனஸ்.

தேயிலைத் தோட்டம் இன்னொரு தினுசு. மழை விட்ட கையோடு வெயில் அடித்தால் ஒவ்வொரு இலையும் கண்ணாடியாகப் பளீரென்று மின்னும், பச்சை நிறமே தெரியாமல் போகும். மைனஸ் 0.3 போடுங்கள், அதைவிட நல்லது சூரியன் மேகத்துக்குள் போகும்வரை ஒரு நிமிடம் பொறுப்பது. மலையில் மேகத்துக்குப் பஞ்சமில்லை.

ஸ்க்ரீனை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள். மூட்டத்துக்குள் நிற்கும்போது சுற்றிலும் மங்கலாக இருப்பதால் ஸ்க்ரீன் பிரகாசமாகத் தெரியும், வெயிலில் நிற்கும்போது அதே ஸ்க்ரீன் இருண்டு தெரியும். ஹிஸ்டோகிராம் ஏமாறாது. இடது ஓரம் முழு இருட்டு, வலது ஓரம் முழு வெள்ளை. மூட்டத்தில் எடுத்த படத்துக்கு மேடு நடுவைத் தாண்டி வலப்பக்கம் நிற்க வேண்டும், ஆனால் வலது சுவரில் போய் முட்டி நிற்கக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முக்கியமான ஒன்று: பல கேமராக்களில் நீங்கள் வைத்த பிளஸ் மைனஸ் கேமராவை அணைத்து மறுபடி போட்டாலும் அப்படியே இருக்கும். இடம் மாறும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் வேண்டும்.

உங்கள் கேமராவில் பி டயலே இல்லை, மலிவான பழைய மாடல் என்றால் காட்சி வகைகளில் ஸ்னோ என்று ஒன்று இருக்கும், பனிமூட்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். அது உள்ளே செய்வதும் இந்தப் பிளஸ் வேலைதான்.

இப்போது ஜூம்

இந்தக் கேமராக்களின் லென்ஸ், பழைய ஃபிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால், 24 மி.மீ. அகலத்தில் தொடங்கி 720 வரையோ (30 மடங்கு) 960 வரையோ (40 மடங்கு) நீள்கிறது. இவ்வளவு நீளம் சட்டைப்பைக்குள் அடங்குவதற்குக் காரணம் உள்ளே படத்தைப் பிடிக்கிற சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, சுமார் 6 மி.மீ.க்கு 4.6 மி.மீ. அதற்கான விலையை வெளிச்சத்தில் கொடுக்கிறோம். எஸ்எக்ஸ்740-இல் அகலக் கோணத்தில் அபெர்ச்சர் எஃப் 3.3, ஜூமை முழுக்க நீட்டினால் எஃப் 6.9. அதாவது உள்ளே வருகிற வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கேமரா அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஏற்றும், இல்லையென்றால் ஷட்டரை மெதுவாக்கும், முதல் வழியில் படம் மணல்மணலாகும், இரண்டாவது வழியில் கலங்கும்.

அதனால் பாதி ஜூம்வரை தாராளமாகப் போங்கள், கடைசிப் பாதியை வெயிலும் தேவையும் இரண்டும் இருக்கும்போது மட்டும் தொடுங்கள்.

தூரத்துக்கு இன்னொரு எல்லை உண்டு, அது காற்று. குன்னூரில் லேம்ஸ் ராக் வியூ பாயிண்டில் நின்று கோவைச் சமவெளியைப் பார்க்கிறீர்கள், நடுவில் கிலோமீட்டர் கணக்கில் தூசியும் ஈரமும் கலந்த காற்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அந்தக் காற்றைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும், ஜூம் செய்யச் செய்ய அந்தப் புகைமூட்டத்தைத்தான் பெரிதாக்குகிறோம். சமவெளிக்கு அகலக் கோணம் போதும், மலை மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போவதுதான் அங்கே அழகு. ஜூமுக்கு ஏற்றது அடுத்த சரிவு: டால்பின் நோஸிலிருந்து பள்ளத்தாக்குக்கு எதிரே விழுகிற கேத்தரின் அருவி, கேத்தி பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காக நிற்கிற வீடுகள், எதிர்ச் சரிவில் கொழுந்து பறிக்கிறவர்களின் வரிசை (ஆட்களை எடுக்கும்போது ஒரு கையசைப்பு, ஒரு சிரிப்பு, அவர்களுக்குச் சம்மதமென்றால் எடுங்கள்). காற்று தெளிவாக இருப்பது விடியற்காலையிலும் இரவு முழுக்க மழை பெய்து ஓய்ந்த மறுநாளும். பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் மேலே வந்துவிடும், டால்பின் நோஸுக்கு மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்புகிறவர்கள் பலநாள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

கை நடுக்கத்துக்கு ஒரு கணக்கு. 720 மி.மீ. ஜூமில் உதவி ஏதும் இல்லாமல் எடுக்க ஷட்டர் வேகம் 1/720 வினாடியாவது வேண்டும். கேமராவின் நடுக்கத் தடுப்பு மூன்று படி (ஒவ்வொரு படிக்கும் நேரம் இரட்டிப்பு) உதவுகிறது என்று வைத்துக்கொண்டால் 1/90 வரை இறங்கலாம். அதற்கும் கீழே என்றால் சுவர், வேலிக்கம்பி, காரின் ஜன்னல் விளிம்பு என்று எதிலாவது கேமராவை ஊன்றுங்கள். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டு முடித்த இடத்தில் அழுத்தினால் வித்தியாசம் தெரியும். முழு ஜூமில் ஒன்று எடுத்துவிட்டு ஓடாமல், தொடர் படப்பிடிப்பில் வைத்து நான்கைந்து எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்தின ஆட்டம் இருக்கும், பின்னால் வருவதில் ஒன்று தெளிவாக விழும்.

முழு ஜூமில் பறவை ஃப்ரேமை விட்டுத் தப்பிவிட்டால் மறுபடி பிடிப்பது பெரும்பாடு. இதற்காகவே இந்தக் கேமராக்களில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்: ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஜூம் தற்காலிகமாகப் பின்வாங்கி அகலமாகக் காட்டும், நடுவில் ஒரு கட்டம் நிற்கும், பறவையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து பட்டனை விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். கேனனில் இதற்கு ஃப்ரேமிங் அசிஸ்ட் என்று பெயர், சோனியில் ஜூம் அசிஸ்ட். கேமரா வாங்கியவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கைப்புத்தகத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள், காக்கையை வைத்து மொட்டை மாடியில் பழகுங்கள்.

ஃபோகஸ், ஐஎஸ்ஓ, மற்றவை

இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்தே ஃபோகஸ் பிடிக்கின்றன, விளிம்பு தெரிந்தால்தான் பிடிக்கும். மூட்டத்துக்குள் வெறும் வெண்மையைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டுக் கைவிடும். அதே தூரத்தில் உள்ள ஒரு மரத்தண்டின் ஓரத்தைக் காட்டி பட்டனைப் பாதி அழுத்துங்கள், பிடித்ததும் விரலை எடுக்காமல் வேண்டிய பக்கம் திருப்பி முழுதும் அழுத்துங்கள். சோலைக்குள் சிக்கல் வேறு: பறவைக்கு முன்னால் இருக்கிற இலையைக் கேமரா பிடித்துக்கொள்ளும். முகம் கண்டறிதல், பல புள்ளி ஃபோகஸ் எல்லாவற்றையும் விட்டு நடுவில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் ஆகச் சிறிய அளவு என்று வையுங்கள். கோத்தகிரியில் லாங்வுட் சோலை மாதிரி அடர்ந்த இடத்தில் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையை ஒட்டின புதரில் உட்கார்ந்திருக்கும்போது இந்த ஒரு மாற்றம்தான் படத்தைக் காப்பாற்றும்.

ஐஎஸ்ஓ 400 வரை நிம்மதி, 800 வரை சமாளிக்கலாம், அதற்குமேல் சின்ன சென்சார் தாங்காது. ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் 800-இல் நிறுத்துங்கள். சோலைக்குள் அது போதவில்லை என்றால் ஜூமைக் குறைத்துக்கொண்டு எடுப்பதே நல்லது.

இயற்கைக் காட்சிக்கு அபெர்ச்சரை எஃப் 8-க்கு மூடுங்கள் என்று பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் கேமராவுக்கு அது சரி. இவ்வளவு சிறிய சென்சாரில் எஃப் 8 என்றால் ஒளி வளைந்து படம் மொத்தமும் லேசாக மழுங்கும், அகலக் கோணத்தில் எஃப் 4-லேயே பக்கத்துப் பாறையிலிருந்து தூரத்து மலைவரை தெளிவாகத்தான் இருக்கும். பி-யில் விட்டால் கேமராவே இதைப் பார்த்துக்கொள்ளும்.

வெள்ளைச் சமநிலை ஆட்டோவிலேயே இருக்கட்டும். நிழலான சரிவுகளில் எல்லாம் நீலம் பாய்ந்து தெரிந்தால் மட்டும் மேகப் படம் போட்ட அமைப்புக்கு மாற்றுங்கள், கொஞ்சம் வெதுவெதுப்பு வரும். விடியற்காலை உறைபனிக்கு அந்த நீலமே பொருத்தம், அங்கே மாற்றாதீர்கள்.

பூக்களுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. மே மாத மலர்க் கண்காட்சியில் தாவரவியல் பூங்காவில் எல்லாரும் மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்கிற அமைப்பு) வைத்துப் பூவின் மூக்கு வரை போய்விடுகிறார்கள். மேக்ரோ அகலக் கோணத்தில்தான் சில சென்டிமீட்டர் வரை பிடிக்கும், ஆனால் அவ்வளவு கிட்டத்தில் கேமராவின் நிழலே பூவில் விழும், பின்னணியில் ஆட்களின் காலும் வந்துவிடும். இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். பூ நிறைவாக வரும், பின்னணி கரைந்துபோகும், தொட்டிக்குள் சாய வேண்டிய தேவையும் இல்லை. வேலிக்கு உள்ளே பூக்கிற செடிகளுக்கும் இதுதான் வழி.

மலை ரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 16 குகைகள், 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை. எடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறுகிற ரயிலில் நீராவி எஞ்சின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். வளைவில் ரயில் தெரிந்ததும் படபடவென்று பெட்டிகளை எடுத்து பஃபரை (கார்டுக்குப் போகும் முன் படங்கள் காத்திருக்கிற தற்காலிக நினைவகம்) நிரப்பிவிட்டால், எஞ்சின் எதிரே வரும்போது கேமரா கார்டில் எழுதிக்கொண்டு சும்மா நிற்கும். பெட்டிகளுக்கு ஒன்றிரண்டு போதும், தொடர் படப்பிடிப்பை எஞ்சினுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்சின்தான், நீராவி வேண்டும் என்கிறவர்கள் குன்னூருக்குக் கீழேதான் பார்க்க வேண்டும்.

பல்சக்கரப் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில்தான், 1/250 வினாடி தாராளம். டயலை எஸ் அல்லது டிவி (Tv) என்ற எழுத்துக்குத் திருப்பி, ஷட்டர் வேகத்தை மட்டும் அப்படி வைத்துவிட்டு மற்றதைக் கேமராவிடம் விடுங்கள். நீராவி வெள்ளையாகக் கிளம்பினால் பிளஸ் 0.3. ரயிலுக்குள் உட்கார்ந்து எடுப்பதானால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதீர்கள், குகைச் சுவர் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து நிற்கும். கேமராவின் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுப்பது கூடவே கூடாது, உங்களிடம் இருப்பது ஜூம் கேமரா, பாதுகாப்பான மேட்டில் நின்றே அது எஞ்சினைக் கொண்டுவந்து தரும்.

காட்டெருமைக்கும் இதையேதான் சொல்வேன். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் அவை சாதுவாகத்தான் மேய்கின்றன, அந்தச் சாதுத்தனத்தை நம்பிப் போனோடு பக்கத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். தூரத்தில், முடிந்தால் வண்டிக்குள், எஞ்சினை அணைத்துவிட்டு, 1/250-க்குக் குறையாமல், நடுப் புள்ளி ஃபோகஸை அதன் கண்ணில் வைத்து எடுங்கள். கறுப்பு உடம்பு, மைனஸ் 0.3. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது, அங்கே வனத்துறை வண்டியில் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இரவில்

கேத்தி பள்ளத்தாக்கின் விளக்குகளை எடுக்கக் கேமராவை மதில்மேல் வையுங்கள், அடியில் மடித்த மப்ளர், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 2 அல்லது 4 வினாடி, டைமர் 2 வினாடி. நடுக்கத் தடுப்பை அணையுங்கள், கேமரா அசையாமல் இருக்கும்போது அது தானே சின்ன அசைவை உண்டாக்கலாம். நிலா எடுக்க மேனுவலில் ஐஎஸ்ஓ 100, 1/250 வினாடி, முழு ஜூம். தெளிவான மலை இரவில் முழுநிலவின் கறைகள் எல்லாம் வரும். முழு ஜூமை மனதாரச் சிபாரிசு செய்கிற இடம் இது.

ஈரமும் குளிரும்

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ஊட்டிக்கு வந்ததற்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று ஒரு காரணம். 'இந்து' பிலிம் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போனது. தூசிக்கு இந்த ஊர் நல்லதுதான், ஈரம்தான் கேமராவுக்கு எதிரி.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உறைபனி பார்க்கப் போகும்போது இரண்டாவது பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்புச் சூடு படுகிற பையில் வையுங்கள். தீர்ந்துபோனதாகக் காட்டுகிற பேட்டரியைக் கொஞ்சநேரம் சூடு பண்ணிப் போட்டால் இன்னும் சில படங்களுக்கு வரும்.

குளிர்ந்த கேமராவைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வேர்க்கும். ஊட்டியில் காலையில் எடுத்துவிட்டு மதியம் மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கேமராவைத் திறந்தால் அப்படியே கண்ணாடியில் ஆவி படியும். இதற்குப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கச் சொல்வார்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். இறுக்கமாக மூடுகிற டிபன் டப்பாவில் துணி சுற்றி வையுங்கள். கீழே இறங்கி அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் சரியாக இருக்கும்.

தூறலில் நனைந்தால் அணைப்பதற்கு முன் துடையுங்கள். இந்த வரிசை முக்கியம். அணைத்ததும் லென்ஸ் குழல் உள்ளே போகும், குழலின்மேல் இருக்கிற ஈரத்தையும் கூடவே உள்ளே கொண்டுபோகும், அங்கே போனதைத் துடைக்க யாராலும் முடியாது. இவை மழை தாங்கும் கேமராக்கள் இல்லை.

மலையிலேயே வசிக்கிறவர்களுக்குப் பூஞ்சைதான் பெரிய தலைவலி. ஜூன் முதல் கூடலூர், பந்தலூர் பக்கம், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம், வாரக்கணக்கில் வெயில் தெரியாது. தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டினால் லென்ஸுக்குள் வேர்விட்டமாதிரி பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பா, அதில் சிலிகா ஜெல், வாரம் ஒருமுறையாவது எடுத்து ஜூமை முழுக்க நீட்டி நாலு படம். நீலமாக இருக்கிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். பழைய கேமரா வாங்கப் போகிறவர்களும் லென்ஸை முழுக்க நீட்டி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் வெள்ளை வானத்தைப் பார்த்து முழு ஜூமில் ஒரு படம் எடுத்து, கறும்புள்ளிகள் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.